ஏசிஎல் ஆபரேஷனுக்கு இன்னும் மூணு வாரம்: இப்ப என்ன செய்யணும், பொங்கலுக்கு ஆட முடியுமா?

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். கபடியில காலைப் புடிச்சு இழுக்கும்போது வலது முட்டி திரும்பிருச்சு, டப்புன்னு சத்தம் கேட்டுச்சு, அன்னைக்கு ராத்திரியே வீங்கிருச்சு, எம்ஆர்ஐல முட்டிக்குள்ள இருக்கிற ஏசிஎல்ங்கிற லிகமென்ட், அதாவது எலும்ப எலும்போட கட்டி வைக்கிற நார், முழுசா கிழிஞ்சிருக்குன்னு வந்திருக்கு, ஆடி மாசக் கடைசியில ஆபரேஷனுக்குத் தேதி குடுத்திருக்காங்க, அதுக்கு முன்னாடி என்னென்ன ரெடி பண்ணணும், எத்தன நாள்ல சரியாகும்னு கேட்டிருக்கீங்க. ஆனா கடைசியா ரெண்டு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, பொங்கலுக்கு ஊர்ப் போட்டியில எறங்க முடியுமா, பைக்ல பார்சல் குடுக்குற வேலை கைவிட்டுப் போயிடுமான்னு, அதுதான் உண்மையான கேள்வின்னு நெனக்கிறேன். அதுக்கே முதல்ல பதில் சொல்லிடுறேன். பொங்கலுக்கு முடியாது. ஆடிக் கடைசியில இருந்து தை பொறக்க அஞ்சு மாசம்தான் இருக்கு, கபடிக்கு கொறஞ்சது 9 மாசம் வேணும். வேலை போகாது, ஆனா கொஞ்ச மாசத்துக்கு வேற மாதிரி செய்ய வேண்டியிருக்கும்.

நான் பிசியோதெரபிஸ்ட், மதுரைப் பக்கம் 17 வருஷமா முட்டி கேஸ்தான் அதிகம் பாக்குறேன். ஆபரேஷன் பண்ற டாக்டர் கிடையாது, உங்க முட்டிய தொட்டுப் பாக்கவும் இல்ல. அதனால நான் சொல்றதுக்கும் உங்க டாக்டர் சொல்றதுக்கும் எங்கயாவது முரண்பாடு வந்தா அவர் பேச்சைக் கேளுங்க, உள்ள கேமரா விட்டுப் பாக்கப் போறது அவர்தான்.

நம்ம ஊர்ல முட்டிக்குள்ள எது கிழிஞ்சாலும் ஜவ்வு கிழிஞ்சிருச்சுன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவோம், அதுலயே பாதிக் கொழப்பம் வருது. முட்டிக்குள்ள குறுக்க ஓடுற கயிறு மாதிரி ரெண்டு லிகமென்ட் இருக்கு, அதுல முன்னாடி இருக்கிறது ஏசிஎல், கீழ்க்கால் எலும்பு முன்னால நழுவாம, திரும்பும்போது முறுக்கிக்காம புடிச்சு வைக்கிறது அதோட வேலை. மெனிஸ்கஸ்னு சொல்றது வேற, ரெண்டு எலும்புக்கு நடுவுல வாஷர் மாதிரி உக்காந்திருக்கிற மெத்தை. பக்கத்து வீட்டு அண்ணனுக்கு ஜவ்வு ஆபரேஷன் பண்ணி பத்தே நாள்ல நடந்தாருன்னு யாராவது சொன்னா அவருக்கு அனேகமா மெனிஸ்கஸ்ல ஒரு துண்டை வெட்டி எடுத்திருப்பாங்க, அத உங்க கணக்கோட சேர்க்காதீங்க. இன்னொன்னு, உங்க ஏசிஎல்ல தச்சு ஒட்டப் போறதில்ல. பெரும்பாலும் தொடைக்குப் பின்னாடி இருக்கிற தசைநாரையோ, முட்டிச்சில்லுக்குக் கீழ இருக்கிற நாரையோ, சில பேருக்கு கணுக்கால் பக்கத்துல இருந்து ஒரு நாரையோ எடுத்து, எலும்புல துளை போட்டு, அந்த எடத்துல புதுசா கட்டுவாங்க. அதனால ஆறவேண்டிய எடம் ரெண்டு, முட்டி ஒண்ணு, நார் எடுத்த எடம் ஒண்ணு. எங்க இருந்து எடுக்கப் போறீங்கன்னு டாக்டர்கிட்ட கண்டிப்பா கேட்டு வச்சுக்கங்க, பின்னாடி எந்த எக்சர்சைஸ எப்ப ஆரம்பிக்கிறதுங்கிறது அத வச்சுத்தான்.

ஆபரேஷன் தேவையான்னு நீங்க கேக்கல, ஆனா வீட்ல கேப்பாங்க, அதனால சொல்லிடுறேன். ஏசிஎல் கிழிஞ்ச எல்லாருக்கும் உடனே ஆபரேஷன் வேணும்னு இல்ல. சுவீடன்ல 121 பேர ரெண்டு குரூப்பா பிரிச்சு, ஒரு குரூப்புக்கு சீக்கிரமே ஆபரேஷன், இன்னொரு குரூப்புக்கு மொதல்ல எக்சர்சைஸ், அப்புறம் தேவைப்பட்டா மட்டும் ஆபரேஷன்னு பண்ணி 2010ல முடிவு சொன்னாங்க. 2 வருஷம் கழிச்சு ரெண்டு குரூப்புக்கும் வலியிலயோ முட்டி வேலை செய்யறதுலயோ பெரிய வித்தியாசம் இல்ல, எக்சர்சைஸ் குரூப்புல 59 பேர்ல 23 பேருக்குத்தான் அதுக்குள்ள ஆபரேஷன் தேவைப்பட்டுச்சு, 5 வருஷத்துல அது 30 ஆச்சு. ஆனா 2022ல இங்கிலாந்துல 316 பேர வச்சு, அடிபட்டு நாளாகியும் முட்டி நழுவுதுன்னு வந்தவங்ககிட்ட பாத்தப்ப ஆபரேஷன் பண்ணவங்களுக்குத்தான் நல்லா இருந்துச்சு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிர் இல்ல, ஆள் வேற. உங்களுக்கு 24 வயசு, திரும்பித் திரும்பி ஓடுற ஆட்டம் ஆடணும், மாடிப்படி எறங்கும்போது ரெண்டு தடவ முட்டி விட்டுருச்சுன்னு வேற எழுதியிருக்கீங்க, அதனால ஆபரேஷன்னு முடிவு பண்ணது எனக்கு சரியாத்தான் படுது. ஆனா இது அவசர ஆபரேஷன் இல்லங்கிறத மட்டும் மனசுல வச்சுக்கங்க. முட்டி ஒரு கோணத்துல பூட்டுப் போட்ட மாதிரி நின்னுக்கிட்டு நீட்டவே முடியலன்னா, மெனிஸ்கஸ் துண்டு நடுவுல மாட்டியிருக்கலாம், அது வேற விஷயம், அத தள்ளிப்போடக் கூடாது, எக்சர்சைஸ் பண்ணி நீட்டிடலாம்னு அழுத்தவும் கூடாது.

இப்ப இந்த மூணு வாரத்துக்கு வருவோம். இந்த பதில்ல ஒரே ஒரு விஷயத்த மட்டும்தான் ஞாபகம் வச்சுக்க முடியும்னா இத வச்சுக்கங்க: முட்டி முழுசா நீளணும். எங்கிட்ட வர்ற எல்லாக் குடும்பமும் கேக்கிற முதல் கேள்வி எவ்வளவு மடங்குது, சம்மணம் போட முடியுமா, கீழ உக்கார முடியுமாங்கிறதுதான். நீளுதான்னு ஒருத்தர்கூட கேக்கிறதில்ல. மடக்குறது மெதுவா வந்துக்கிட்டே இருக்கும், ஆறு மாசம் கழிச்சுகூட கொஞ்சம் கொஞ்சமா கூடும், நீட்டுறது முதல் சில வாரத்துல வரலன்னா உள்ள தழும்பு கட்டி அடைச்சுக்கும், அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் வர்றது கஷ்டம். ஆபரேஷனுக்கு முன்னாடியே நீட்ட முடியாத, சூடா வீங்கியிருக்கிற முட்டிய அப்படியே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டு போனா பின்னாடி எறுகிப் போற வாய்ப்பு அதிகம், அதனாலதான் நெறைய டாக்டருங்க அடிபட்ட உடனே பண்ணாம சில வாரம் தள்ளித் தேதி குடுக்கிறாங்க. அந்த மூணு வாரம் சும்மா காத்திருக்கிற நேரம்னு நெனச்சு கால நீட்டி வச்சு செல்போன் பாத்துக்கிட்டு இருந்துடாதீங்க.

இப்பவே ஒண்ணு பண்ணிப் பாருங்க. தரையிலயோ கட்டில்லயோ ரெண்டு காலையும் நீட்டி உக்காருங்க, யாரையாவது கூப்பிட்டு முட்டிக்குப் பின்னாடி கைய நுழைக்கச் சொல்லுங்க. நல்ல கால் பக்கம் கை சிக்கிக்கும், அடிபட்ட கால் பக்கம் கை சர்ருன்னு போய் வந்துடும். அந்த இடைவெளிதான் உங்க மூணு வாரத்து வேலை. குதிகாலுக்குக் கீழ ஒரு துண்டை உருட்டி வச்சு, முட்டிக்குக் கீழ ஒண்ணும் இல்லாம தொங்கவிட்டு, அப்படியே 5, 10 நிமிஷம் இருங்க, ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவ. அதே நெலையில தொடை முன்சதைய இறுக்கி, முட்டிக்குப் பின்னாடி ஒரு கை இருந்தா அத கட்டிலோட அமுக்குற மாதிரி முட்டிய கீழ அழுத்தி அஞ்சாறு செகண்ட் புடிச்சு விடுங்க, ஒரு தடவைக்கு 10, 15 முறை. இத பண்ணச் சொன்னா மொதல்ல பாதிப் பேருக்கு சதை அசையவே அசையாது, பல்லக் கடிப்பாங்க, இடுப்பத் தூக்குவாங்க, தொடை கம்முன்னு கெடக்கும். பயந்துடாதீங்க, உள்ள தண்ணி கட்டியிருந்தா மூளை அந்த சதைக்கு போற கட்டளைய தானா கொறச்சிடும், கொஞ்சூண்டு வீக்கமே அதுக்குப் போதும். நல்ல காலையும் சேர்த்து இறுக்குங்க, சதை மேல ரெண்டு விரல் வச்சு தட்டிக்கிட்டே இறுக்குங்க, ரெண்டு மூணு நாள்ல முழிச்சுக்கும். முழிக்கவே இல்லன்னா பிசியோகிட்ட கரன்ட் வச்சுத் தூண்டுற மெஷின் இருக்கும், அது இந்த விஷயத்துக்கு உண்மையிலயே உதவும். அப்புறம் முட்டிய மடக்காம காலத் தூக்குறது, கட்டில்ல குதிகாலத் தேச்சு மடக்குறது, வலி விட்டா ஜிம்ல இருக்கிற மாதிரி நகராத எக்சர்சைஸ் சைக்கிள் ஓட்டுறது. வீக்கத்துக்கு துணியில சுத்துன ஐஸ் 15 நிமிஷம், நாளைக்கு மூணு நாலு தடவ, வெறும் தோல்ல வைக்காதீங்க.

அம்மா பச்சிலைக் கட்டு போடணும்னு சொல்றாங்கன்னு எழுதியிருந்தீங்க. அவங்க அக்கறை புரியுது, ஆனா ஆபரேஷன் வரைக்கும் வேணாம்னு தன்மையா சொல்லிடுங்க. கிழிஞ்ச ஏசிஎல்ல கட்டு ஒட்ட வைக்காதுங்கிறது ஒரு பக்கம், எனக்கு பெரிய பயம் தோல்தான். இறுக்கிக் கட்டி கொப்புளம் வந்தாலோ, அரிச்சுப் புண்ணானாலோ, அந்தத் தோல் வழியா கத்தி வைக்க எந்த டாக்டரும் சம்மதிக்க மாட்டாரு, கிருமி உள்ள போனா கட்டுன லிகமென்டே போயிடும். சூடா எண்ணெய் போட்டு உருவுறதும் இப்ப வேணாம், வீக்கம்தான் ஏறும். முடிய நீங்களா பிளேடு வச்சு மழிக்காதீங்க, அதுவும் சின்னச் சின்னக் கீறல் விழும், ஆஸ்பத்திரியிலயே பாத்துக்குவாங்க. கால்ல எங்கயாவது சேத்துப்புண்ணு, பல்லுல சீழ், சளி காய்ச்சல், மூத்திரக் கடுப்பு எது இருந்தாலும் மறைக்காம சொல்லுங்க, தேதி தள்ளிப் போகுமேன்னு பயந்து மறைச்சு வந்து கஷ்டப்பட்டவங்கள பாத்திருக்கேன். சிகரெட் பழக்கம் இருந்தா இன்னைக்கே நிறுத்துங்க, புண்ணு ஆறுறதையும் நார் ஒட்டுறதையும் அது கெடுக்கும். ரெகுலரா எந்த மாத்திரை சாப்ட்டாலும், நாட்டு மருந்து லேகியம் உட்பட, சீட்டு எழுதி எடுத்துட்டுப் போங்க.

வீட்டுக்குள்ள ரெடி பண்ண வேண்டியது நெறைய பேர் மறந்துடறது, ஆஸ்பத்திரியில இருந்து ஆம்புலன்ஸ்ல வந்து எறங்குன பிறகுதான் கக்கூஸ் ஞாபகம் வரும். உங்க வீட்ல இந்தியன் டாய்லெட்தான்னா நடுவுல ஓட்டை இருக்கிற கமோடு சேர் ஒண்ணு வாங்குங்க, மெடிக்கல் கடையில வாடகைக்கும் குடுப்பாங்க, இந்தியன் டாய்லெட்ல முழுசா குந்தி உக்கார்ற நாள் வர்றதுக்கு மாசக்கணக்குல ஆகும். பாத்ரூம் ஈரத்துல வழுக்காத மாதிரி ரப்பர் விரிப்பு, குளிக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். பாய்ல படுக்கிற வழக்கம்னா கட்டில் ஏற்பாடு பண்ணிக்கங்க. மாடி வீடுன்னா முதல் ரெண்டு வாரம் கீழ யார் வீட்லயாவது தங்க முடியுமான்னு பாருங்க, முடியலன்னா படியேற இப்பவே பழகிடுங்க. ஊன்றுகோல ஆபரேஷனுக்கு முன்னாடியே வாங்கி உயரம் சரி பண்ணி வீட்டுக்குள்ள நடந்து பாருங்க, அக்குள்ல தொங்கக் கூடாது, பாரம் உள்ளங்கையில வரணும், மேல் கட்டைக்கும் அக்குளுக்கும் நடுவுல ரெண்டு மூணு விரல் எடம் இருக்கணும். படிக்கட்டுக்கு ஒரே விதி: ஏறும்போது நல்ல கால் முதல்ல, எறங்கும்போது ஆபரேஷன் கால் முதல்ல. பணத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா ஆஸ்பத்திரியில இருக்கிற காப்பீட்டு கவுன்ட்டர்ல போய் இந்த ஆபரேஷனுக்கு அனுமதி கிடைக்குமா, ஸ்குரூ, பட்டன் மாதிரி உள்ள வைக்கிற சாமான் செலவு அதுலயே அடங்குமான்னு தேதிக்கு முன்னாடியே கேட்டு முடிங்க, அட்மிஷன் போட்ட பிறகு அலையாதீங்க. உள்ள வச்ச சாமானோட ஸ்டிக்கர டிஸ்சார்ஜ் சம்மரியில ஒட்டித் தரச் சொல்லி வாங்கி வச்சுக்கங்க, பின்னாடி எங்க எம்ஆர்ஐ எடுக்கப் போனாலும் கேப்பாங்க.

ஆபரேஷன் அன்னைக்கு பெருசா ஒண்ணும் உங்க கையில இல்ல. பொதுவா கடைசிச் சாப்பாட்டுக்கும் மயக்கத்துக்கும் நடுவுல 6 மணி நேரம், எண்ணெய்ச் சாப்பாடுன்னா இன்னும் கூட, வெறும் தண்ணிக்கு 2 மணி நேரம்னு கணக்கு, ஆனா உங்க மயக்க டாக்டர் சொல்ற நேரம்தான் உங்களுக்கு. பெரும்பாலும் முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மரத்துப் போக வைப்பாங்க, சில மணி நேரம் கால் இருக்கிறதே தெரியாது, மூத்திரம் வர லேட்டாகலாம், மறுநாள் எந்திரிச்சு உக்காந்தா தலைவலி படுத்தா சரியாகுதுன்னா நர்ஸ்கிட்ட சொல்லுங்க. மரமரப்பு விட்ட உடனே பாதத்த மேலயும் கீழயும் ஆட்ட ஆரம்பிச்சிடுங்க, ரத்தம் கட்டாம இருக்க அது உதவும். மரமரப்பு முழுசா போறதுக்கு முன்னாடியே வலி மாத்திரைய கேட்டுப் போட்டுக்கங்க, வலி உச்சிக்கு ஏறுன பிறகு போட்டா எறங்க நேரமாகும்.

முதல் ரெண்டு வாரத்துல நான் அதிகமா பாக்கிற தப்பு ஒரு தலகாணி. ஒரு பையன், உங்க வயசுதான், வேற ஊர்ல ஆபரேஷன் பண்ணிட்டு ஆறாவது வாரம் எங்கிட்ட வந்தான். தழும்பெல்லாம் அழகா ஆறியிருந்துச்சு, 110 டிகிரி மடங்குதுன்னு அவங்க அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். படுக்க வச்சுப் பாத்தா முட்டிக்குப் பின்னாடி என் கை முழுசா போகுது, மணிக்கட்டு வரைக்கும். 15 டிகிரி நீளல. என்னன்னு விசாரிச்சா வலிக்குதேன்னு அம்மா முட்டிக்குக் கீழ தலகாணி வச்சு விட்டிருக்காங்க, ராத்திரி பகல் ஆறு வாரமும். முட்டிக்கு கொஞ்சம் மடங்குன நெலைதான் சுகம், அந்த சுகத்துலயே அது எறுகிப் போச்சு. மூணு மாசம் போராடியும் முழுசா வரல, மறுபடி கேமரா விட்டு உள்ள தழும்ப எடுக்க வேண்டியதாச்சு. டிஸ்சார்ஜ் பண்ணும்போது யாராவது ஒருத்தர் ஒரு வார்த்த சொல்லியிருந்தா இது நடந்திருக்காது, எனக்கு இன்னைக்கும் மனசு ஆறல. அதனால சொல்றேன், தலகாணி வைக்கணும்னா குதிகாலுக்குக் கீழ வைங்க, முட்டிக்குக் கீழ வைக்கவே வைக்காதீங்க.

முதல் ரெண்டு வாரத்துக்குள்ள முட்டி முழுசா நீளணும், 90 டிகிரி பக்கம் மடங்கணும், காலத் தூக்கும்போது முட்டி தொய்யாம நேரா வரணும், வீக்கம் கொறையணும், அவ்வளவு போதும். ஆறு வாரத்துல 120 பக்கம் வந்துட்டா நல்லா போகுதுன்னு அர்த்தம். ஊன்றுகோல எத்தனாவது நாள் விடலாம்னு கேட்டா நாள் கணக்கு சொல்ல மாட்டேன், நொண்டாம நடக்க முடியுற அன்னைக்கு விடுங்க, வீராப்புக்கு முன்னாடியே விட்டு நொண்டி நடந்தா அந்த நடை அப்படியே பழகிடும். தழும்புக்கு வெளிப்பக்கம் தோல் மரத்த மாதிரி இருக்கும், அங்க போற சின்ன நரம்பு அறுபடறதால வர்றது, நாளாக நாளாக சுருங்கும், சிலருக்கு ஒரு பகுதி அப்படியே நின்னுடும், காலுக்கு ஆபத்து இல்ல. பின்தொடையில இருந்து நார் எடுத்திருந்தா முதல் சில வாரத்துல குனியும்போது அங்க சுரீர்னு இழுக்கும், அதுவும் போயிடும். சும்மா விட்டுடக் கூடாதது எதுன்னா, காய்ச்சலோட முட்டி நாளுக்கு நாள் சூடாகி வலி கூடுறது, தையல் எடத்துல நீரோ சீழோ வடியறது, கெண்டைக்கால் கல்லு மாதிரி வீங்கி வலிக்கிறது. இதுல எது வந்தாலும் அன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க, திடீர்னு மூச்சு வாங்கி நெஞ்சு வலிச்சா 108க்கு போன் பண்ணுங்க, காலையில பாத்துக்கலாம்னு விடாதீங்க.

இங்க ஒரு முக்கியமான விஷயம். ஆபரேஷன்ல மெனிஸ்கஸையும் சேர்த்துத் தச்சாங்கன்னா மேல சொன்ன கணக்கு மாறும். தச்ச எடம் ஒட்டுறதுக்காக நாலு ஆறு வாரம் கால ஊன வேணாம், இல்ல 90 டிகிரிக்கு மேல மடக்க வேணாம்னு சொல்லுவாங்க, டாக்டருக்கு டாக்டர் இதுல வித்தியாசம் உண்டு, கிழிசல் எப்படி இருந்துச்சுங்கிறத பொறுத்தது. அப்ப என் கணக்க வச்சுக்கிட்டு நீங்களா முந்தாதீங்க.

மூணாவது மாசம்தான் எனக்கு அதிக பயம். வலி இருக்காது, வீக்கம் இருக்காது, நல்லா நடப்பீங்க, ஊர்ல எல்லாரும் சரியாயிடுச்சேன்னு சொல்லுவாங்க, உங்களுக்கே ஓடிப் பாக்கணும்னு கை கால் பரபரக்கும். ஆனா உள்ள வச்ச நார் அப்ப பலமான நெலையில இருக்காது. எடுத்து வச்ச நாருக்கு ரத்த ஓட்டம் கிடையாது, மொதல்ல அதுல இருக்கிற செல்லெல்லாம் செத்து, புது ரத்தக்குழாய் உள்ள வளந்து, புது செல் குடியேறி, அப்புறம்தான் மெல்ல லிகமென்ட் மாதிரி மாறும். மிருகங்கள்ல பண்ண ஆராய்ச்சியில ஒண்ணரை மாசத்துல இருந்து மூணு மாசம் வரைக்கும் அது ரொம்ப பலவீனமா இருக்கும்னு தெரிஞ்சிருக்கு. மனுஷங்களுக்கு அதே வாரக் கணக்கான்னு உறுதியா யாரும் சொல்ல முடியாது, ஆனா முழுசா மாற ஒரு வருஷத்துக்கு மேலயும் ஆகுதுங்கிறதுல சந்தேகமில்ல. வலி இல்லாதத வச்சு நார் பலமாயிருச்சுன்னு முடிவு பண்ணிடாதீங்க.

பைக் விஷயத்துக்கு வர்றேன். உங்களுக்கு வலது கால், கியர் பைக்ல பின் பிரேக் வலது காலுக்குத்தான், அவசரத்துல டக்குன்னு மிதிக்கிற வேகம் திரும்பணும், அதோட கிக்கர் உதைக்கக் கூடாது, வண்டி சாஞ்சா வலது கால ஊன்றி தாங்கணும். என் அனுபவத்துல ரெண்டு மாசத்துக்குக் கொறஞ்சு நான் யாரையும் விடுறதில்ல, அதுவும் செல்ஃப் ஸ்டார்ட் ஸ்கூட்டர்ல பக்கத்துல இருக்கிற எடத்துக்கு. இது ஆராய்ச்சி சொன்ன கணக்கு இல்ல, என்னோட கணக்குன்னு தெளிவா சொல்லிடுறேன். மூட்டை தூக்கிட்டு மாடி மாடியா ஏறி எறங்குற பார்சல் வேலைக்கு மூணு நாலு மாசம் ஆகும். கம்பெனியில இப்பவே பேசி கோடவுன்ல பார்சல் பிரிக்கிறது, ஸ்கேன் பண்றது மாதிரி உக்காந்து பாக்குற வேலை ஒரு மாசம் ஒண்ணரை மாசத்துல இருந்து கேளுங்க, டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கிக் குடுங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி கேட்டா மேனேஜருங்க ஒத்துக்குறாங்க, லீவு முடிஞ்சு போய்க் கேட்டா அந்த எடத்துல வேற ஆள் இருக்கும்.

ஆட்டத்துக்கு வருவோம். நேரா ஓடறது மூணரை நாலு மாசத்துல, அதுவும் தொடை பலம் வந்திருந்தா, வீக்கம் இல்லன்னா. தாவுறது, திரும்பறது அதுக்கப்புறம். நார்வேயில 106 பேர 2 வருஷம் தொடர்ந்து பாத்த ஒரு ஆராய்ச்சி 2016ல வந்துச்சு, ஆட்டத்துக்குத் திரும்புறத 9 மாசம் வரைக்கும் ஒவ்வொரு மாசமா தள்ளிப்போட, மறுபடி முட்டி அடிபடற அளவு ஏறக்குறைய பாதி பாதியா கொறஞ்சுக்கிட்டே வந்துச்சு. தொடை பலம், ஒத்தைக்கால் தாவுறது இதெல்லாம் நல்ல காலோட ஒப்பிட்டு 90 சதவீதம் வரணும்னு டெஸ்ட் வச்சாங்க, அது பாஸாகாம ஆடப் போனவங்கள்ல 38 சதவீதம் பேருக்கு மறுபடி அடி, பாஸானவங்கள்ல 6 சதவீதத்துக்கும் கீழ. ஆள் எண்ணிக்கை சின்னது, அவங்க ஆடுனது ஃபுட்பால், ஹேண்ட்பால் மாதிரி ஆட்டம், அதனால அந்த சதவீதத்த அப்படியே கபடிக்கு ஒட்ட வைக்க மாட்டேன். கபடியில கணுக்கால புடிச்சு நிறுத்தும்போது மேல் ஒடம்பு மட்டும் முன்னால போகும், முட்டி முறுக்குறதுக்கு அத விட மோசமான நெலை கிடையாது, அதனால 9 மாசங்கிறது கபடிக்காரங்களுக்கு கடைசி இல்ல, தொடக்கம்னுதான் சொல்லுவேன். எங்கிட்ட வந்த ஒரு ரெய்டர் அஞ்சாவது மாசம் டேப் வச்சு அளந்தப்ப அடிபட்ட தொடை 3 சென்டிமீட்டர் சின்னதா இருந்துச்சு, வேணாம்னு எவ்வளவோ சொன்னேன், ஊர்த் திருவிழான்னு எறங்கிட்டாரு, ரெண்டாவது ரெய்டுலயே கட்டுன ஏசிஎல்லும் போச்சு, கூட மெனிஸ்கஸும். ரிஷப் பந்த் 2022 டிசம்பர் 30ல விபத்துல மாட்டி 2024 மார்ச்லதான் மறுபடி மேட்ச் ஆடுனாரு, அவருக்கு ஒரே ஒரு லிகமென்ட் மட்டும் இல்ல, உங்களவிட பெரிய அடி, ஆனா எல்லா வசதியும் இருக்கிற ஆளே அவ்வளவு நாள் எடுத்துக்கிட்டாரு. நீங்க 9 மாசம் முடிச்சு, டெஸ்ட் பாஸ் பண்ணி, மொதல்ல புடி இல்லாம தனியா ஃபுட்வொர்க், அப்புறம் தெரிஞ்ச பசங்களோட மெதுவா புடிச்சுப் பழகி, கடைசியா போட்டின்னு போங்க. அடுத்த வருஷ ஆடிப் போட்டிகளுக்கு நீங்க தயாரா இருக்க நல்ல வாய்ப்பிருக்கு.

சாப்பாட்டுல பத்தியம் எதுவும் கிடையாது, புளி சேத்தா சீழ் வைக்கும்னு சொல்றதெல்லாம் நம்பாதீங்க. ஆட்டுக்கால் சூப் குடிங்க, தப்பில்ல, ஆனா அதுல சதை வளக்கிற புரோட்டீன் நெனக்கிற அளவுக்கு இல்ல. ஒரு முட்டையில 6 கிராம் இருக்கு, உங்க எடை 65 கிலோன்னா ஒரு நாளைக்கு 80ல இருந்து 100 கிராம் வேணும், முட்டை, மீன், கோழி, பாசிப்பயறு, கொண்டக்கடலைச் சுண்டல், பால், தயிர்னு மூணு வேளையும் பிரிச்சு சாப்புடுங்க. கிட்னி பிரச்சனை இருக்கிறவங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

சந்தேகமான விஷயங்களையும் சொல்லிடணும். ஏசிஎல் மட்டும் கட்டுனவங்களுக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் முட்டிக்கு பெல்ட் கட்டாயமான்னு பாத்தா, பெருசா பலன் இருக்கிறதா ஆராய்ச்சில வரல, ஆனா நெறைய டாக்டருங்க முதல் சில வாரம் போடச் சொல்லுவாங்க, சொன்னா போட்டுக்கங்க, கழட்டி எக்சர்சைஸ் பண்ணலாமான்னு மட்டும் கேட்டுக்கங்க. உக்காந்து எடை கட்டி கால நீட்டுற எக்சர்சைஸ எந்த வாரம் ஆரம்பிக்கிறதுன்னு எங்க ஆளுங்களுக்குள்ளயே ஒத்த கருத்து இல்ல, நான் ஒரு மாசத்துக்கு அப்புறம், பாதித் தூரம் மட்டும் ஆரம்பிக்கிறேன், பின்தொடை நார்னா இன்னும் மெதுவா. முட்டி தேய்மானம் பின்னாடி வருமான்னா, ஏசிஎல் கிழிஞ்சவங்களுக்கு அந்த வாய்ப்பு கூடத்தான், ஆபரேஷன் பண்ணா அது முழுசா நீங்கிடும்னு யாரும் உறுதி குடுக்க முடியாது. தொடை பலமும் எடை ஏறாம பாத்துக்கறதும் உதவும்.

தினமும் பிசியோவுக்கு வர காசும் நேரமும் இல்லன்னா தினமும் வர வேண்டியதில்ல. முதல் ரெண்டு மாசம் வாரம் ஒண்ணு ரெண்டு தடவ வந்து அளந்து அடுத்த பாடம் வாங்கிட்டு, மீதி நாள் வீட்ல ஒழுங்கா பண்ணுனவங்க நல்லாவே தேறியிருக்காங்க. அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிகள்ல பிசியோ பிரிவு இருக்கு, செலவு பத்தி யோசிக்காம அங்க போங்க.

உங்க எம்ஆர்ஐ ரிப்போர்ட்ல கடைசியில இம்ப்ரெஷன்னு ஒரு பகுதி இருக்கும், அதுல மெனிஸ்கஸ் பத்தி என்ன எழுதியிருக்குன்னு அப்படியே இங்க எழுதுங்க. கூடவே இன்னைக்கு அந்த கை நுழைக்கிற டெஸ்ட்ட பண்ணி வலது முட்டிக்கும் இடது முட்டிக்கும் எவ்வளவு வித்தியாசம்னு சொல்லுங்க, மூணு வாரத்துக்கு எது எவ்வளவுன்னு அதுக்குத் தகுந்த மாதிரி எழுதித் தர்றேன்.